சன்னா வாயத் தொறக்க மாட்டேங்குறான்

ஜெலாப்பாங், ஈப்போ
2.3.1979

அக்கா,

நீ சிங்கப்பூருக்குப் போயி பன்னெண்டு நாளாச்சு. சுகமா இருக்கியான்னு நான் கேக்கப் போறதில்ல, ஏன்னா இங்க நான் சுகமா இல்ல. ஒம் மவன் வாயத் தொறக்க மாட்டேங்குறான்.

சும்மா சொல்லல லா. காலையில ரொட்டி சானாய பிச்சு, சீனி தொட்டுக் குடுத்தேன். பல்லக் கடிச்சிக்கிட்டு செவுத்தப் பாக்குறான். மத்தியானம் ஷரபுதீன் பாய் கடை மீன் கொழம்பு. முள்ளு எடுத்து, பெசஞ்சு, உருட்டி, "ஆ காட்டு சன்னா, ஆ காட்டு"ன்னு முக்கா மணி நேரம். எனக்கே எவனும் இப்படி ஊட்டுனதில்ல. ஒரு உருண்டை உள்ள போச்சு. அத கன்னத்துல அடக்கி வச்சிருந்து, கடைசியில எஞ் சட்டையில துப்புனான். ரப்பர் தோட்டத்துல ஆயா பாத்துக்குற கொட்டாயில மத்த புள்ளைங்களோட வரிசையா குந்தி ரெண்டு தட்டு திம்பான்னு சொன்னியே, அந்தப் பையன் எங்க? ஆள மாத்திக் குடுத்துட்டியா?

அவனுக்கு சன்னாசின்னு பேரு வச்சது தப்பு. சாமியார் மாதிரி விரதம் இருக்கான், மூணரை வயசுல.

பாட்டிலு மட்டும் குடிக்கிறான். டின்னுப் பாலு ஒரு நாளைக்கு நாலு தடவன்னு நீ எழுதி செவுத்துல ஒட்டிட்டுப் போனியே, அது தவறாம நடக்குது.

நான் தே தண்ணி கலக்குறவன் அக்கா. கடைக்குப் பின்னாடி இருக்குற ரூமு பாய் சும்மா குடுத்தது. ஸ்கூல விட்டதுக்கு அப்புறம் டயர் கடை, மரப்பட்டறைன்னு எங்கயும் ஆறு மாசம் தாண்டாதவன் நானு. இங்கதான் ஒரு வருசம் ஓட்டியிருக்கேன். கஸ்டமரு தே கேட்டுக் கத்தும்போது கையில சோத்து உருண்டையோட மேசைக்கு அடியில தவழ்ந்துக்கிட்டு இருந்தா பாயி எத்தன நாளு பொறுப்பாரு?

ஞாயித்துக்கெழம கோப்பெங்லேருந்து பத்துமலை அண்ணனும் கருப்பம்மா அக்காவும் வந்தாங்க. அவரு சன்னாவத் தூக்கிப் பாத்துட்டு, "என் தம்பி மவன் இப்படி எலும்பாவா இருக்கணும்?"னாரு. கிளினிக் அட்டைய வாங்கிப் பாத்தாரு. பத்து கிலோ எண்ணூறு. கருப்பம்மா அக்கா அழுவுது. "சீனி, ஒனக்குச் சோறு போடவே ஆளு இல்ல. நீ இவனுக்குப் போடப் போறியா?" தீபாவளி வரைக்கும்தான் பாப்பாங்களாம். அதுக்குள்ள புள்ள தேறலன்னா கோப்பெங்குக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்.

என்ன செய்யணும்னு சீக்கிரம் எழுது.

சீனி


சிங்கப்பூர்
9.3.1979

என் தம்பி சீனிக்கு,

அக்கா நவமணி எழுதுறேன். ஒன் கடிதாசிய ஹாஸ்டல் கக்கூஸ்ல குந்திதான் படிச்சேன். ரூம்ல ஆறு பேரு, அழுதா எல்லாரும் கேப்பாங்க.

சன்னா சாப்பிடலன்னு கேட்டதுலேருந்து வேலையில கை ஓடல. இங்க பேக்டரியில பூதக்கண்ணாடிக்குள்ள குனிஞ்சு பாத்து முடி மாதிரி கம்பிய ஒட்டணும். நேத்து நாலு பீசு கெடுத்துட்டேன்.

நான் சொல்றத செய்யி. நெத்திலிய நல்லா மொறுமொறுன்னு பொரிச்சு, பருப்புச் சோத்துல நொறுக்கிப் போடு. வேடிக்க காட்டு. லாரி எண்ணச் சொல்லு, ஒரு லாரிக்கு ஒரு வாயி. கெஞ்சு. கோவப்படாத. பாலை மட்டும் நிறுத்திராத தம்பி, அதுலதான் அவன் உசிரு ஓடுது. லாரி ஓட்டுற சின்னையா அண்ணே இருவதாம் தேதி ஈப்போவுக்கு வாராரு. நல்ல பால் டின்னு ஆறு குடுத்து விடுறேன்.

கோப்பெங்காரங்களப் பத்தி ஒனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. சன்னாவோட அப்பா செத்த முப்பதாம் நாளு, படையல் எடுக்குறதுக்கு முன்னாடியே, பத்துமலை பெரியப்பா ஒரு காயிதம் நீட்டுனாரு. புள்ளைய அவங்களுக்கே குடுத்துட்டதா நான் கையெழுத்துப் போடணும். அவங்களுக்குப் புள்ள இல்ல. பாவம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஒருக்கா போனா அவன் எனக்குத் திரும்ப மாட்டான். அந்தக் காயிதம் இன்னும் அவங்க பீரோவுல இருக்கு. அதனாலதான் தோட்டத்த வித்து லயத்து வீட்டக் காலி பண்ணச் சொன்னப்போ ஒன்கிட்ட வந்தேன். ஊரே ஒன்ன சுத்துற பையன்னுச்சு. நான் ஒன்கிட்டதான் குடுத்தேன்.

அடுத்த வருசம் ஜெலாப்பாங்ல இதே மாதிரி பேக்டரி தொறக்குறாங்களாம். ஒரு வருசம் வேலை பாத்த கை இருந்தா ஒடனே எடுப்பாங்க. அது வரைக்கும் புடிச்சி வச்சிக்க.

அடிச்சிராத. சாப்பிட்டானா இல்லையான்னு ஒரு வரி போடு.

ஒன் அக்கா
நவமணி


ஜெலாப்பாங்
30.3.1979

அக்கா,

நெத்திலி பொரிச்சேன். லாரி எண்ணுனோம். மூணு லாரிக்கு அப்புறம் "லாரி வேணாம்"னுட்டான். பாயோட மோட்டார்சைக்கிள் டேங்க் மேல குந்த வச்சு, ஒரு சுத்துக்கு ஒரு வாயின்னு பாத்தேன். சுத்து போனான், வாயி தொறக்கல. ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். நான் தட்ட எடுத்தாலே அவனுக்கு வேர்க்குது, எனக்கும் வேர்க்குது.

இப்ப எழுதப் போறத நீ மத்தவங்க வாயால கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். போன செவ்வாக்கெழம நான் அவன் மூக்கப் புடிச்சேன். மூக்கப் புடிச்சா வாயி தொறக்கும்ல, அப்படித் தொறந்ததும் சோத்த உள்ள தள்ளிட்டேன். அத்தனையும் வாந்தி எடுத்தான். அழுவல அக்கா. சத்தமே இல்ல. என்ன ஒரு பார்வ பாத்துட்டு, மாவு மூட்டைக்குப் பின்னாடி போயி குந்திக்கிட்டான். இப்ப தட்டுச் சத்தம் கேட்டாலே அங்க ஓடிடுறான். கோப்பெங் லாரிக்காரன் ஒருத்தன் அத பாத்தான். அங்க சேதி போயிருக்கும்.

அடிக்கல. ஆனா அடிச்சிருந்தாக்கூட இத்தன அசிங்கமா இருந்திருக்காதுன்னு தோணுது.

மறுநாளு அவனைத் தூக்கிட்டு கிளினிக்குப் போயிட்டேன். பத்து கிலோ அறுநூறு. எறங்கியிருக்கு. நர்ஸு மிஸ்ஸி, வயசான சீனத்தி ஒருத்தி, தமிழு நம்மள விட நல்லாப் பேசுது. "ஒரு நாளைக்கு எத்தன பாட்டிலு?"ன்னுச்சு. நாலு, அழுதா அஞ்சுன்னேன். அவன் வாயத் தொறந்து பல்லக் காட்டுச்சு. முன்னாடி நாலும் கறுப்பு. "இது பாலு இல்ல தம்பி, சீனித் தண்ணி. அவன் வயித்துல சோத்துக்கு எடம் எங்க இருக்கு? நாளெல்லாம் இத ஊத்திட்டு சாப்பிடல சாப்பிடலன்னு என்கிட்ட அழுவாத"ன்னு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிடுச்சு.

பாட்டிலக் கொறைச்சு நிறுத்தணுமாம். மூணு வேள சோறு, நடுவுல ஏதாச்சும் கொஞ்சம். அவன் முன்னாடி வச்சிட்டு நம்மளும் குந்தி சாப்பிடணும். ஊட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, திட்டக் கூடாது. அரை மணி நேரம் ஆனா பேசாம தட்ட எடுத்துடணும். "என்ன போடுறதுங்குறது ஒன் வேல. எவ்வளவு திங்குறதுங்குறது அவன் வேல"ன்னு சொல்லுச்சு.

கொறைச்சு நிறுத்துன்னா எனக்கு வராது, தெரியும்ல. பாட்டிலத் தூக்கி லோங்காங் சாக்கடையில வீசிட்டேன், தண்ணியில போயிடுச்சு. சின்னையா அண்ணே கொண்டாந்த ஆறு டின்னையும் பாய்கிட்ட குடுத்துட்டேன், தே-க்கு.

சீனி


சிங்கப்பூர்
6.4.1979

சீனி,

நின்னுக்கிட்டே ஓவர்டைம் பாத்து நான் வாங்குன பாலு, ஈப்போ லாரிக்காரங்க தே-யில. நல்லா இருந்துச்சாமா?

புள்ள பட்டினி கெடக்குறான், நீ தட்டத் தூக்கிட்டுப் போற. மிஸ்ஸி சொன்னாளாம். மிஸ்ஸி பெத்தாளா? அவ கொறைச்சு நிறுத்துன்னு சொன்னதக்கூட நீ ஒழுங்காக் கேக்கல. ஒரே நாள்ல புடுங்கிட்ட. நீ ஸ்கூல விட்டதும் அப்படித்தான், வேலைய விட்டதும் அப்படித்தான். இது டயர் கடை இல்லடா. என் புள்ள.

மூக்கப் புடிச்சேன்னு எழுதியிருக்கியே, அந்த வரிய நான் ரெண்டாவது தடவ படிக்கல. கைய வச்சு மறைச்சுக்கிட்டுதான் மத்தத படிச்சேன்.

கோப்பெங்லேருந்து கடிதாசி வந்துடுச்சு. "ஒன் தம்பி புள்ளையக் கொல்லப் பாக்குறான், நீ ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே தூக்கிட்டு வந்துடுவோம்"னு பெரியம்மா எழுதியிருக்கு. நான் பதில் எழுதிட்டேன். கூட்டிட்டுப் போங்கன்னு எழுதிட்டேன். கவரு தலகாணிக்கு அடியில இருக்கு, இன்னும் ஒட்டல.

இருவதாம் தேதி வரைக்கும் பாப்பேன்.

நவமணி


ஜெலாப்பாங்
11.4.1979

அக்கா, ஒட்டாத.

நீ திட்டுனது எல்லாம் சரி. ஒரே நாள்ல புடுங்குனது தப்பு. மூணு நாளு கத்துனான், பாய் பொஞ்சாதி சக்கீனா அக்கா வந்து என்னக் காறித் துப்பாத கொறை. டம்ளர்ல கொஞ்சம் பாலு குடுத்து சமாளிச்சேன். நாலாம் நாளு நான் குந்தி ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தேன், அவன் பக்கம் திரும்பல. ஒரு கை வந்துச்சு. என் தட்டுலேருந்து ஒரு துண்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. நான் மூச்சு விடல. இன்னொரு துண்டு. அக்கா, பசி இருக்கு அவனுக்கு!

ஆனா வேற ஒண்ணு இருக்கு. இத நல்லாப் படி.

சாப்பிடும்போது ஒரு கை எஞ் சட்டையப் புடிச்சிக்கிட்டே இருக்கு. கஸ்டமரு கூப்பிட்டு நான் எழுந்திரிச்சா அவன் துப்பிடுறான். வாயில இருக்குறத அப்படியே. சக்கீனா அக்கா ஊட்ட வந்து "கண்ண மூடிக்க ராஜா, ஆ காட்டு"ன்னுச்சு. சும்மா வெளையாட்டுக்குத்தான். அவன் கண்ண இன்னும் பெருசா தொறந்துக்கிட்டு வாசலப் பாத்தான். நான் "ஆ காட்டு"ன்னாலும் அப்படித்தான். இத்தன நாளா நான் அவன் வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன், கண்ணப் பாக்கல. ஒவ்வொரு தடவையும் வாசலத்தான் பாக்குறான்.

நீ போன அன்னைக்கு நான் ஒன் பெட்டியத் தூக்கிக்கிட்டு முன்னாடியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். நீ பின்னாடி வந்த. மூஞ்சி வீங்கியிருந்துச்சு, நான் கேக்கல.

இப்ப கேக்குறேன். அவன்கிட்ட என்ன சொல்லிட்டு வந்த?

சீனி


சிங்கப்பூர்
19.4.1979

தம்பி,

ஒன் கடிதாசி வந்து நாலு நாளாச்சு. எழுதி எழுதிக் கிழிச்சேன்.

நான் ஒண்ணும் சொல்லிட்டு வரல.

அன்னைக்குக் காலையில அவனுக்குப் புடிச்ச சோறு, நெத்திலி போட்டது, நானே ஆக்குனேன். மடியில வச்சு ஊட்டுனேன். சந்தோசமா தின்னான். பஸ்ஸுக்கு நேரமாச்சு. சக்கீனா அக்காவ வாசல்ல நிக்கச் சொன்னேன். அப்புறம் அவன்கிட்ட, "கண்ண மூடிக்க சன்னா, ஆ காட்டு, அம்மா இருக்குறதுலயே பெரிய உருண்டையா தாரேன்"னேன். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு வாயப் பெருசா தொறந்தான். உருண்டைய வாயில வச்சேன். எழுந்திரிச்சு வந்துட்டேன். வாசல் தாண்டும்போது திரும்பிப் பாத்தேன். அவன் இன்னும் கண்ணத் தொறக்கல, மென்னுக்கிட்டு இருந்தான்.

எல்லாரும் அப்படித்தான போவோம் சீனி. தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பெரட்டுல பேரு குடுக்கப் போகும்போது தூங்குற புள்ளைய அப்படியே தூக்கிட்டுப் போயி ஆயாக்கொட்டாயில போட்டுட்டுதான் போனோம். முழிச்சிருந்தா வாயில ஒரு பிஸ்கோத்த வச்சிட்டு நழுவுவோம். சொல்லிட்டுப் போனா அழுவும், வாயில வச்சிட்டுப் போனா அழுவாது. கோப்பெங் பெரியம்மாவும் அதத்தான் சொல்லி அனுப்புச்சு. ஆனா அப்பல்லாம் பத்து மணிக்கு நான் திரும்பி வந்துடுவேன். இந்தத் தடவ வரல.

அந்தப் புள்ள கண்ணத் தொறந்து எங்க தேடியிருப்பான்?

கோப்பெங்குக்கு எழுதுன கவரைக் கிழிச்சுட்டேன். ஒன்ன திட்டுனதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன், மூக்கப் புடிச்சதுக்கு நீ வாங்கிக்கத்தான் வேணும். மத்ததுக்குக் கேக்குறேன்.

மிஸ்ஸி சொன்னபடியே செய்யி.

அக்கா


ஜெலாப்பாங்
20.6.1979

அக்கா,

ரெண்டு மாசமா நான் எழுதலன்னு சின்னையா அண்ணேகிட்ட சொல்லி அனுப்பியிருக்க. எழுத என்ன இருக்கு? இன்னைக்கு நல்லாத் தின்னான்னு எழுதுனா மறுநாளே என் மானத்த வாங்குறான்.

இங்க இப்ப சட்டம் இதுதான். "ஆ காட்டு"ங்குற வார்த்த கடையிலேயே யாரும் சொல்லக் கூடாது. பாய்கிட்டயும் சொல்லிட்டேன். "என் கடையில என்ன பேசணும்னு நீ சொல்றியாடா?"ன்னாரு, ஆனா சொல்றதில்ல. நான் எங்க போனாலும் அவன்கிட்ட சொல்லிட்டுதான் போறேன். "மாமா பின்னாடி பாத்திரம் கழுவப் போறேன். கழுவிட்டு வாரேன்." கக்கூஸுக்குப் போனாலும் சொல்லணும். ஒரு நாளு மறந்துட்டேன், அன்னைக்கு மத்தியானச் சோறு போச்சு.

மத்தியானம் லாரிக்காரங்க நீள பெஞ்சுல வரிசையா குந்துவாங்கல்ல, அந்த வரிசை கடைசியில இவனுக்கும் ஒரு துண்டு எல. பக்கத்துல நான். யாரும் இவன் எலையப் பாக்குறதில்ல, அவனுங்களுக்கு அவனுங்க பசி. ஆயாக்கொட்டாய் மாதிரிதான் இருக்கு போல. மொத வாரம் சோத்த எண்ணிக்கிட்டு இருந்தான். ரெண்டாவது வாரம் தின்னான்.

ரொம்ப சந்தோசப்படாத. பதினோரு நாளு வெறும் சோறும் கிச்சாப்பும்தான், அந்தக் கறுப்பு சோயா சாஸ ஊத்திக்கிட்டு. முட்டை வச்சா தள்ளிடுவான். கத்திரிக்காயப் பாயி மேலயே வீசுனான். நான் வாயி வரைக்கும் வந்த கெட்ட வார்த்தைய முழுங்கிட்டேன். மிஸ்ஸிகிட்ட போயி கத்துனேன். "தெனம் ஒரு துண்டு வையி. தின்னாலும் ஒண்ணும் சொல்லாத, திங்கலன்னாலும் ஒண்ணும் சொல்லாத"ன்னுச்சு. பன்னெண்டாவது நாளு முட்டைய நக்கிப் பாத்தான். நக்கிட்டு வச்சிட்டான். அதுக்கே நான் பின்னாடி போயி, சொல்லிட்டுதான் போனேன், செவுத்த ஒரு குத்து குத்துனேன் சந்தோசத்துல.

பதினோரு கிலோ நூறு.

பத்துமலை அண்ணே அட்டையப் பாத்துட்டு, "முந்நூறு கிராமுக்கு நாலு மாசமா?"ன்னாரு. சண்ட வந்துடுச்சு. நான் போட்ட சத்தத்துல அவரு ஒண்ணு சொன்னாரு. சரியாத்தான் சொன்னாரு, அதான் எனக்குப் பயம். "தீபாவளிக்கு அவங்கம்மா வரும். வந்துட்டுத் திரும்பிப் போகும். போன அன்னைக்கு இவன் மறுபடி வாய மூடுவான். மூடுனா மறுநாளு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். அப்பவும் திங்கலன்னா நேரா கோப்பெங்தான். நீயும் பேசக் கூடாது, நவமணியும் பேசக் கூடாது." நான் சரின்னுட்டேன். திட்டு.

இன்னொண்ணு. நீ எலும்பா இருக்கன்னு சின்னையா அண்ணே சொன்னாரு. நீ சாப்பிடுறியா? பொய் சொல்லாத லா.

சீனி


சிங்கப்பூர்
4.10.1979

சீனி,

லீவு கெடச்சிடுச்சு. வெள்ளிக்கெழம காலையில ஈப்போவுல எறங்குறேன், திங்கக்கெழம மத்தியான பஸ்ஸுல திரும்பணும். மூணு நாளு.

டிக்கெட்ட கையில வச்சிக்கிட்டே இத எழுதுறேன். நான் வராம இருந்துடட்டுமா? வந்தா திரும்பப் போகணும். இப்பதான் திங்க ஆரம்பிச்சிருக்கான். நான் போயி அதக் கெடுத்துட்டா என் கையாலயே அவனத் தூக்கி அவங்ககிட்ட குடுத்த மாதிரி. நீ ஏன் சரின்னு சொன்ன? ஒனக்கு வாயில ஒரு நிமிசம் எதுவும் நிக்காதா?

இல்ல, அவன் தூங்கும்போது கெளம்பிடட்டுமா? மத்தியானம் தூங்குவான்ல?

நான் சாப்பிடுறேன். கேன்டீன்ல எல்லாம் கெடைக்குது.

அக்கா


ஜெலாப்பாங்
10.10.1979

அக்கா,

வா. தூங்கும்போது போனியோ, பஸ் ஸ்டாண்டுல நானே ஒன் பெட்டியப் புடுங்கிக்குவேன்.

மொகத்தப் பாத்து சொல்லிட்டுப் போ. அழுவட்டும்.

இன்னொண்ணு, வந்தா அவன் எலையப் பாக்காத. பக்கத்துல குந்தி ஒன் எலையப் பாத்துத் தின்னு. "கேன்டீன்ல கெடைக்குது"ன்னா திங்குறேன்னு அர்த்தமில்ல. எனக்குத் தெரியாதா? நான் ஒரு சாமியார வளக்குறேன்.

சீனி


தாப்பா
22.10.1979

சீனி,

பஸ்ஸு தாப்பாவுல நிக்குது, இருவது நிமிசம். தபால் பெட்டி பக்கத்துலயே இருக்கு. மடியில வச்சு எழுதுறேன், எழுத்து புரிஞ்சா படி.

நீ பெட்டியோட ரோட்டுல நின்ன. உள்ள நடந்தது ஒனக்குத் தெரியாது.

காலையில பெரியம்மா என்னத் தனியாக் கூப்பிட்டு, "நான் அதிரசம் வச்சிருக்கேன். அவனத் திருப்பி குந்த வச்சு ஊட்டுறேன், நீ பின் பக்கமா போயிடு. பெத்த வயிறு, எதுக்கு ஒன்னயும் அழ வச்சிக்கிட்டு?"ன்னுச்சு. பாசமாத்தான் சொல்லுச்சு சீனி. எனக்கும் காலு பின் பக்கம்தான் திரும்புச்சு. அப்படியே போயிருந்தா இந்நேரம் அழாம இருந்திருப்பேன்.

நான் போயி அவன் முன்னாடி குந்துனேன். "சன்னா, அம்மா இப்ப பஸ்ஸுல சிங்கப்பூருக்குப் போறேன். வேலைக்கு. பொங்கலுக்கு வாரேன். நீ மாமாகிட்ட இரு"ன்னேன். அவன் என் மொகத்தப் பாத்தான். அப்புறம் கத்துனான் பாரு. ஒனக்கு ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். என் தாலிக்கயிறு இல்லாத கழுத்தப் புடிச்சிக்கிட்டு விடல. பெரியம்மா ஓடி வந்து அதிரசத்த நீட்டி, "கண்ண மூடிக்க சாமி, ஆ காட்டு"ன்னுச்சு. நான் அது கையப் புடிச்சிட்டேன். அதுகிட்ட நான் இது வரைக்கும் கொரல் ஒசத்துனதில்ல. "வேணாங்கா! அவன் கண்ணத் தொறந்துக்கிட்டே இருக்கட்டும்"னு கத்திட்டேன்.

அவன் கண்ணத் தொறந்துக்கிட்டேதான் இருந்தான். நான் வாசல் தாண்டுறத முழுசாப் பாத்தான்.

மூணு நாளு அவன் பக்கத்துல குந்தி என் எலையத்தான் பாத்தேன். சத்தியமா. ஓரக்கண்ணால ஒரே ஒரு தடவ.

ஹார்ன் அடிக்கிறான். நாளைக்கு மத்தியானம் என்ன ஆகுது? எழுது. என்ன ஆனாலும் எழுது.

அக்கா


ஜெலாப்பாங்
24.10.1979

அக்கா,

வரிசையாச் சொல்றேன், நடுவுல தாவிப் படிக்காத.

நீ போன அன்னைக்கு ஒண்ணும் திங்கல. தண்ணி மட்டும். மாவு மூட்டைக்குப் பின்னாடி போயி குந்திக்கிட்டான், மார்ச் மாசம் மாதிரியே. பொழுது சாயுற நேரம் பத்துமலை அண்ணே அவன் துணியெல்லாம் பையில மடிச்சு வச்சிட்டு, ஈப்போவுல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டாரு.

மறுநாளு காலையில வந்துட்டாங்க ரெண்டு பேரும். ரொட்டி வச்சேன், தொடல. அரை மணி நேரம் ஆச்சு, தட்ட எடுத்தேன். பத்துமலை அண்ணே எதிர் மேசையில குந்தி அவனையே பாத்துக்கிட்டு இருக்காரு. "இப்படிப் பாக்காதீங்க அண்ணே"ன்னேன். "பேசக் கூடாதுன்னு சொன்னேன்"னாரு. எனக்கு ஓங்கி மேசையத் தட்டணும் போல இருந்துச்சு. ரோட்டுக்குப் போயி கத்திட்டு வரலாம்னு பாத்தேன். அதுக்கும் சன்னாகிட்ட சொல்லிட்டுப் போகணுமே. போகல.

பதினொண்ணு. பதினொன்ற. கருப்பம்மா அக்கா பையத் தூக்கி மடியில வச்சிக்கிச்சு.

பன்னெண்டுக்கு லாரிக்காரங்க வந்தாங்க. பாயி எல போட்டுக்கிட்டே வந்தாரு. கடைசியில சன்னாவுக்குத் துண்டு எல. அவன் வந்து குந்துனான். குந்துனான், அவ்வளவுதான். பக்கத்துல நான். என் எலையில என்ன இருந்துச்சுன்னு கேட்டா எனக்கு நாபகம் இல்ல, ஆனா தின்னேன். அவன் பக்கம் திரும்பல. கழுத்து வலிக்குது திரும்பாம.

பாயி போற போக்குல எதிர் மேசையில ரெண்டு எலயப் போட்டு சோத்தக் கொட்டிட்டாரு. பத்துமலை அண்ணே வேணாம்னாரு. காலையிலேருந்து அவங்களும் ஒண்ணும் திங்கல. அப்பதான் சன்னா கொரலு கேட்டுச்சு.

"பெரியப்பா ஏன் சாப்புடல?"

அவரு கருப்பம்மா அக்கா மடியில இருந்த பையப் பாத்தாரு.

"பெரியப்பாவும் போகப் போறாங்களா?"

பத்துமலை அண்ணே என்னப் பாத்தாரு. நான் என் எலையப் பாத்தேன். கடைசியில அவரு, "இல்ல. இங்கதான் இருக்கேன்"னு சொல்லிட்டு எலையில கைய வச்சாரு. தலையக் குனிஞ்சு திங்க ஆரம்பிச்சாரு, நிமிரவே இல்ல. கருப்பம்மா அக்கா பைய எறக்கிக் கீழ வச்சுச்சு.

எஞ் சட்டைய ஒரு கை புடிச்சிச்சு. இன்னொரு கையி கிச்சாப்பு போத்தலுக்குப் போச்சு.

சோறு, கிச்சாப்பு, பாதி முட்டை. நான் பாக்கல, எலைய எடுக்கும்போது பாயி சொன்னாரு.

அவங்க சாயந்தரம் கெளம்புனாங்க. பைய எடுத்துட்டுப் போகல. அதப் பத்தி யாரும் பேசல, நானும் கேக்கல. எனக்கும் ஒரு நிமிசம் வாயில நின்னுச்சு, பாத்துக்க. வாசல் கிட்ட போன பத்துமலை அண்ணே திரும்பி வந்தாரு. அந்தப் பெரிய ஒடம்ப மடக்கி சன்னா முன்னாடி குந்தி, "பெரியப்பா வீட்டுக்குப் போறேன். ஞாயித்துக்கெழம வாரேன்"னாரு. சன்னா அழுவல. "சரி"ன்னான். அழுதது கருப்பம்மா அக்காதான். ஞாயித்துக்கெழம அது எலையிலயும் கிச்சாப்பு ஊத்துறதா சொல்லியிருக்கான்.

இப்ப இத எழுதிக்கிட்டு இருக்கேன், அவன் பக்கத்துல குந்தி ஒண்ணு கேக்குறான். ஒன் பஸ்ஸு போயிடுச்சான்னு கேட்டான், போயி சேந்துடுச்சுன்னேன். அப்புறம், "அம்மா சாப்புட்டாங்களா?"ன்னான்.

நான் அவன்கிட்ட இப்ப பொய் சொல்றதில்ல. அதனால தெரியல, கேட்டு எழுதுறேன்னுட்டேன். காத்துக்கிட்டு இருக்கான்.

சாப்பிட்டியா?

சீனி